பெரிய மாப்பிள்ளை போட்ட ஐபி பக்கம்

அந்த வீட்டுப் பெரிய மாப்பிள்ளைக்கு அடுத்தவன் கைவேலை என்றாலே இளக்காரம். தச்சன் அடித்த அலமாரியைப் பிரித்துத் தானே அடித்தார். சுவர் இல்லாவிட்டால் அது விழுந்துவிடும். கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமைப் பதவி காலியானதும், அது தனக்குத்தான் என்று மாமனார் வீடு வரைக்கும் சொல்லிவைத்தார். அதே பிரிவில் இருந்த சகலை, மனைவியின் தங்கை புருஷன், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டு இணைப்பின் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அந்த வீட்டுக்கான முகவரியை, இவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய எண்ணுக்குத்தான் கம்பெனிக் கணக்கு திறக்கும். எண்ணைக் காட்டும் பக்கங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. இவருக்கு அது ஆகுமா? துணி தேய்க்கும் மேஜைக்கடியில் பழைய கம்ப்யூட்டரை வைத்துச் சொந்தமாக ஒரு பக்கம் போட்டார். தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட மறக்கவில்லை. எல்லோரும் இதில்தான் எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

முதலில் அது வீட்டுக்குள் புழங்கும் ஏதோ எண்ணைக் காட்டியது. சரிசெய்கிறேன் பேர்வழி என்று, வருகிறவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்க்க வேண்டிய பக்கத்தை, தான் இருக்கும் இடத்தையே பார்த்துச் சொல்லும்படி மாற்றிவிட்டார். வீட்டில் உட்கார்ந்தே திறந்து பார்த்தார். தன் எண் சரியாக வந்தது. யார் பார்த்தாலும் அதேதான் வரும் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. வெளியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று சகலை இழுத்தார்.

"நீ மொதல்ல உன் பாஸ்வேர்டை மறக்காம இரு, தம்பி."

எல்லோரும் அனுப்பிய எண்களை, பெருமை தலைக்கேறி, ஒன்றையும் படித்துப் பார்க்காமலே கம்பெனிப் பட்டியலில் ஏற்றினார். மறுநாள் ஒருவருக்கும் கணக்கு திறக்கவில்லை, இவரைத் தவிர. போன் செய்தவர்களிடமெல்லாம் உங்கள் லைனில்தான் கோளாறு என்று எரிந்து விழுந்தார். கடைசியில் மேனேஜர் அம்மா கூப்பிட்டார்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் உங்க வீட்லதான் குடியிருக்காங்களா?"

"இல்லீங்க மேடம்."

"நீங்க ஏத்தினது அப்படித்தான் சொல்லுது. இதைச் சரிபண்ண உங்க சகலைகிட்ட சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் அவசர வேலை இருக்கறவங்க உங்க வீட்டுக்கே வர்றாங்க."

மத்தியானத்துக்குள் கூடம் நிரம்பிவிட்டது. மனைவி எல்லோருக்கும் டீ போட்டாள். சகலை வந்ததும் கணவரிடம், "எழுந்திரிங்க, தம்பி உக்காந்து பாக்கட்டும்" என்றாள்.

பதவி சகலைக்குப் போயிற்று. இவரைக் கேட்டால், பக்கத்தில் தப்பே இல்லையாம். பார்த்த ஜனங்கள்தான் தப்பான இடத்தில் இருந்தார்களாம்.