எடுக்காமல் விட்ட சிரிப்பு

நம்புகிறவர்கள் நம்பட்டும். சந்தேகப்படுகிறவர்கள் வேங்கிக்காலுக்கு வந்து, சிந்துஜாவின் பியூட்டி பார்லர் எங்கே என்று விசாரித்துப் பார்க்கட்டும். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். புருஷனும் கூடவே இருக்கிறான். போகிறவர்கள் அவன் முகத்தை மட்டும் அதிக நேரம் பார்க்க வேண்டாம்.

போன தை மாதம், பிரசாத் என்ற டைரக்டர் சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கினான். மொத்த யூனிட்டும் அந்த ஒரு வேனுக்குள் அடங்கிவிட்டது. படத்தின் பெயர் ‘வைக்கோல் பசி’. காக்கா விரட்டக் கொல்லையில் நட்டுவைத்த பொம்மை, ஓர் ஆளைப் பிடிக்கும். தன் கம்பத்தில் அவனைக் கட்டிவைக்கும். பிறகு அவன் உருவத்திலேயே ஊருக்குள் நடந்து போகும். அவ்வளவுதான் கதை.

மேக்கப்புக்கு சிந்துஜா. பொம்மையிடம் மாட்டிச் சாகிறவனாக அவள் புருஷன் மாறன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்; போஸ்டரில் மூஞ்சி வரும் என்றதும் மயங்கிவிட்டான்.

அடி அண்ணாமலையில் ஜோதியம்மாளின் மல்லாட்டைக் கொல்லையில் ஷூட்டிங். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டை என்று பெயர்; நிலத்துக்குக் கொல்லை.

“வாய்ல வைக்கோல அடைச்சு உதட்ட ஒட்டிடு சிந்து. மேல கறுப்பு நூல்ல தையல். நெசமாட்டம் இருக்கணும்,” என்றான் பிரசாத்.

பசையை எடுத்தபோது மாறன் அவள் கையைப் பிடித்தான். “செத்த மாதிரி நடிச்சா, கடைசியில சிரிக்க வெச்சு ஒரு ஷாட் எடுப்பாங்களாமே. மறக்காம கேளு. நீ ஒட்டிட்டா அப்பறம் நான் எங்க கேக்கறது?”

சினிமாக்காரர்களின் வழக்கம் அது. பிணமாக நடித்தவனை அந்த இடத்திலேயே கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். சாவுக்கோலத்தோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது.

“சிரிச்சாதான் போன உசுரு திரும்பி வரும்பாங்க,” என்றான் கேமராமேன் பாலாஜி. “கேமராவுக்கு முன்னால எவன் சிரிக்கிறானோ அவனுக்கு.”

மாறன் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டை ஆட்டியதில், கடைசித் தையல் கோணலாகப் போய்விட்டது. சிந்துஜா அவன் தொடையில் கிள்ளினாள்.

கம்பத்திலிருந்த பொம்மையைக் கழற்றி பம்புசெட் பக்கம் போட்டுவிட்டு, அதே கம்பத்தில் மாறனைக் கைகளை விரித்துக் கட்டினார்கள். தலையில் சுண்ணாம்பு அடித்த மண்சட்டியைக் கவிழ்த்தார்கள். ஷாட் முடிந்தது.

“சார், சிரிப்பு ஷாட்டு…”

“அவன் மூஞ்சியே தெரியலயேம்மா, சட்டியா சிரிக்கும்? வெளிச்சம் போவுது, ஓடு ஓடு. அவன் ரெண்டு நிமிஷம் தொங்கட்டும்.”

ஹீரோயின் ஓடுகிற காட்சிக்காக எல்லோரும் ஏரிக்கரைப் பக்கம் ஓடினார்கள். ஹீரோயினுக்கு வியர்வை பூச, சிந்துஜாவும் ஓடினாள்.

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பம்புசெட் பக்கமிருந்து மாறன் நடந்து வந்தான். முகம் சுத்தமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவைக்காமல் அந்தப் பசை வராது… எப்படித் துடைத்தான்?

கம்பத்தில் சட்டி கவிழ்த்த உருவம் நின்றிருந்தது. யாரோ பொம்மையைத் திரும்ப மாட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

“பொம்ம அப்படியே இருக்கட்டும்,” என்றான் பிரசாத். “வெள்ளிக்கிழம மிச்சத்த எடுக்கணும். ஜோதியம்மா, யாரும் தொடாம பாத்துக்க.”

ஸ்கூட்டியில் பின்னால் மாறன் உட்கார்ந்தான். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சிந்துஜாவுக்கு என்னவோ போல் இருந்தது. பின்னால் ஆள் இருக்கிற பாரமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். இருந்தான்.

வீட்டில் தண்ணீர் கேட்கவில்லை. சோறு கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு படுத்தான்.

காலையில் மொட்டைமாடியில் காக்காவுக்குச் சோறு வைத்தாள். பக்கத்து மாடியில் பத்துக் காக்கா. இங்கே ஒன்றுகூட வரவில்லை. கதவருகே மாறன் நின்றிருந்தான்.

“ஏங்க, உடம்பு இன்னா பண்ணுது? ஒரு வாட்டி சிரிங்களேன்.”

அவன் பார்த்தான். உதடு அசையவில்லை.

கீழே வந்து பார்த்தால், அவன் தலையணையில் ஒரு வைக்கோல் துரும்பு கிடந்தது.

அந்தச் சிரிப்பை எடுக்காமல் விட்டதுதான் இவனைத் தின்கிறது. மூன்றாம் நாள் அவளுக்கு அது உறுதியாகிவிட்டது. ரமணாசிரமம் பக்கம் பிரசாத் தங்கியிருந்த அறைக்கே போய் நின்றாள்.

“சென்டிமென்ட்டுக்கெல்லாம் பட்ஜெட்ல எடமில்லம்மா.”

“எடுக்கலன்னா இங்கயே உக்காந்துப்பேன் சார். அவரு உசுரு போவுது.”

“சரி, வந்து தொலைக்கிறேன். ரெண்டு செகண்டு. அவன் சிரிக்கலன்னா நான் சிரிச்சிட்டுப் போயிடுவேன்.”

வியாழக்கிழமை சாயங்காலம். ஆறு மணி ஆகப்போகிறது. அதே கொல்லை. கம்பத்துக்கு முன்னால் மாறனை நிறுத்தினார்கள்.

கம்பத்துப் பொம்மையின் தோளில் இரண்டு காக்கா உட்கார்ந்திருந்தன. பயப்படவே இல்லை.

“ம்ம்…”

“இன்னா சத்தம் அது?” என்றாள் சிந்துஜா.

“காத்து. சட்டிக்குள்ள பூந்து ஊதுது,” என்றான் பாலாஜி.

மல்லாட்டைச் செடியில் ஓர் இலைகூட ஆடவில்லை.

“ம்ம்… ம்ம்…”

அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள்.

“ஃபிரேம்ல வராத,” என்றான் பிரசாத். “வெளிச்சம் போச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

நின்றுவிட்டாள். புருஷனைப் பார்த்துக் கை கூப்பினாள்.

“எனக்காக ஒரே ஒரு வாட்டி. சிரிங்க.”

“ம்ம்ம்… ம்ம்ம்…”

கம்பம் ஆடியது. காக்கா இரண்டும் பறந்தன.

“சிரிங்க…”

மாறன் சிரித்தான்.

எல்லாப் பல்லும் தெரிந்தது.

“ஓகே.”

சத்தம் நின்றது.

சிந்துஜா பிரசாத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்பக்கம் நன்றாகவே அழுந்தியது. அன்றிரவு மாறன் மூன்று தட்டு சோறு சாப்பிட்டான். சாப்பிடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, கொல்லையில் கூட்டமாகக் காக்கா இறங்குவதைப் பார்த்து ஜோதியம்மாள் போய்ச் சட்டியைத் தூக்கினாள்.

அடையாளம் பார்க்க யூனிட்டில் எல்லோரையும் பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். மாறனும் கூட வந்தான். சிந்துஜா உள்ளே போனாள்.

வாய் நிறைய வைக்கோல். உதட்டில் பசை. மேலே கறுப்பு நூல். கடைசித் தையல் கோணல்.

“தெரிஞ்சவராம்மா?” என்றாள் பெண் போலீஸ்.

“எங்க வூட்டுக்காரரு.”

போலீஸ்காரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “உங்க வூட்டுக்காரருதான் அங்க நிக்கிறாரே. சிரிக்கிறாரு பாரு.”

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“கட்டிவெச்சு மூணு நாள் ஆயிருக்கு. ஆனா அத்தன நாளும் உசுரோடதான் இருந்திருக்காரு. போனது நேத்து ஆறு மணி வாக்குல. அதுக்கு முன்ன யாராவது பக்கத்துல போயி பாத்திருந்தாக்கூட… பொழைச்சிருப்பாரும்மா.”