சுழிக்குப் பின்னால் மூன்று பைட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சர்க்யூட் போர்டு, கீழே மோட்டார் அறையில் இன்னொரு போர்டு. மேலே இருப்பது தண்ணீர் மட்டத்தை அளந்து அனுப்பும், கீழே இருப்பது அதை வாங்கி மோட்டாரைப் போடும், நிறுத்தும். அவ்வளவுதான் எங்கள் வியாபாரம்.

முதலாளி எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிப்பார். புரோகிராமிலும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தார். கோப்பின் தலையில் ஒரு சுழி, அதன் கீழே முதலில் எழுதிய சீனியரின் பெயர். அது போதாதென்று, மேலிருந்து கீழே போகும் ஒவ்வொரு தகவலும் சுழிக்கென்று வைத்த ஒரு பைட் குறியோடு தொடங்கும். அதற்கப்புறம்தான் நான்கு பைட்டில் தண்ணீர் மட்டம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பூந்தமல்லியில் எங்கள் தெருக் கடைச் சீட்டுகளில் பாதியில் சுழி இருக்கும், பாதியில் 786 இருக்கும். பார்த்து வளர்ந்தவள் நான்.

பழைய சிப் கிடைப்பது நின்றுபோனதால் மேல் போர்டுக்குப் புதுச் சிப் வாங்கினார்கள். கம்பைலர் என்பது நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது; அதே புரோகிராமைப் புதுக் கம்பைலரில் போட்டு ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஏற்றினேன். சோதித்தது சீனியர்தான், பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து. 'நிறைந்தது' என்றது, சரி என்றுவிட்டார். வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மாட்டினார்கள். மறுநாள் தொட்டியின் அடியில் ஒரு விரல் தண்ணீர் மட்டும் கிடந்தபோதும் அது 'நிறைந்தது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. குடியிருப்புக்காரர்கள் போனில் கிழி கிழியென்று கிழித்தார்கள்.

காலையில் நான் உள்ளே நுழையும்போதே சீனியரின் குரல் கேட்டது.

"அந்தப் பொண்ணுதான் சுழிய எடுத்துருக்கும் சார். அதுக்கு இன்னா தெரியும் நம்ம வழக்கம்?"

சால்டரிங் செய்யும் பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி அவர்கள் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டார்.

"நெஜத்த சொல்லும்மா. சுழிய எடுத்துட்டியா? ஒத்துக்கினா உட்டுர்றேன். இல்லன்னா நாளைலேர்ந்து வர வாணாம்."

"செய்யாதத ஒத்துக்க மாட்டேன் சார். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

என் கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அவர்கள் பார்த்தது என் பெயரை.

கம்பியில் போகும் பைட்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் பிடித்துப் பார்த்தேன். முதலில் சுழி. பத்திரமாக இருந்தது. அடுத்து மூன்று பூஜ்யம். அதற்கப்புறம்தான் தண்ணீர் மட்டம். அந்த மூன்றை நான் போடவில்லை, யாருமே போடவில்லை. போட்டது கம்பைலர்.

பழைய சிப் நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக எடுக்கும், புதியது நான்கு நான்காக. நான்கு பைட் எண்ணை இரண்டு பக்கமாகப் பிரித்து வைக்கக் கம்பைலருக்கு மனசு வராது. கல்யாணப் பந்தியில் நாலு பேரும் சேர்ந்துதான் உட்காருவோம் என்று அடுத்த மேசைக்குப் போகும் குடும்பம் மாதிரிதான். முதல் மேசையில் சுழி மட்டும் தனியாக, பக்கத்தில் மூன்று இலை காலி. கீழே இருந்த பழைய போர்டுக்கு இது தெரியாது. காலி இலைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்ததில், ஒன்றின் இடத்தில் இருக்க வேண்டிய எண் கோடியின் இடத்தில் போய் விழுந்தது; மலையளவு எண் வந்ததும் தொட்டி நிறைந்தது என்று முடிவு கட்டிவிட்டது.

சாயங்காலம் முதலாளி அறையில் இருந்த வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். சீனியர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அப்ப பிரச்சனையே சுழிதான். தூக்கிட்டா சரியாய்டும் சார்."

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, தூக்கிடும்மா. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

"தூக்க மாட்டேன் சார்."

"இன்னாம்மா?"

"கஸ்டமருங்க ஊட்ல கீழ மாட்டுன போர்டெல்லாம் மொதல்ல சுழிய எதிர்பாத்துகினு கீது. தூக்குனா புது சிப் மாட்டுற எல்லா தொட்டியும் காயும். அது மட்டும் இல்ல. காலைல நான் தூக்கிட்டேன்னு சொன்னீங்க, இப்ப என்னையே தூக்கச் சொல்றீங்க. சுழி இருந்த எடத்துலயே இருக்கும். நடுவுல எடம் உடாதன்னு கம்பைலருக்கு ஒரு வரி எழுதுனா போதும். ஆனா காலைல எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னு நான் எடுக்கலன்னு சொல்லுங்க. அப்புறம் எழுதுறேன்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். முதலாளி என்னையும் கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்ச் சொன்னார். "பொண்ணு சுழிய தொடலம்மா. நாந்தான் தப்பா பேசிட்டேன்." சால்டரிங் செய்துகொண்டிருந்த ஒரு அக்கா நிமிராமலே, "எங்களுக்குத் தெரியும்" என்றார்.

திரும்பி வந்து கோப்பைத் திறந்தேன். அந்த ஒரு வரியை எழுதினேன். பிறகு மேலே போய், சுழிக்கும் சீனியரின் பெயருக்கும் நடுவில் இடம் உண்டாக்கி, சுழிக்கு நேர் கீழே என் பெயரை எழுதினேன். அத்தா வைத்த பெயர், முழுசாக.