பிரேக் மாஸ்டரின் பிளாஸ்க்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு வாய் நீளமாக இருக்கும் என்பார்கள். இவருக்கு வாயைவிடக் கால் நீளம். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்பு செய்ய நினைப்பதற்கு முன்பே அதை ஓங்கி மிதித்துவிடுவார். அதனால் பிரேக் மாஸ்டர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஊரார் தப்பையெல்லாம் முன்கூட்டியே மோப்பம் பிடித்த மனிதருக்குத் தன் வீட்டில் நடந்தது மட்டும் கண்ணில் படவில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டும்போது மாஸ்டருக்கு நெஞ்சைப் பிடித்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அவர் மனைவிக்கு அது போதவில்லை. அந்த அம்மாள் திரைச்சீலை தைப்பவர். துணி கொடுக்க வந்த யாரோ மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போக, மூலிகைக் கடையில் பட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு நேரே டாக்டரிடமே போய் நின்றார்.

டாக்டர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரையை நிறுத்தக் கூடாதும்மா. இது அதுக்குப் பதில் கிடையாது. கூடக் கொஞ்சமா குடிக்கிறதுன்னா குடிக்கட்டும், டெஸ்டுக்கு வரும்போது மறக்காம சொல்லுங்க. அது சரி, நீங்களும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துடுங்களேன்."

"எனக்கென்ன டாக்டர், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். "அவளுக்கு எதுக்கு டாக்டர் ஈசிஜி? இதயத்தைத்தான் என்கிட்ட கொடுத்துட்டாளே!" என்றார். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார், அந்த அம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈசிஜி அடிபட்டுப் போயிற்று.

மறுநாளிலிருந்து காலையில் அந்த அம்மாள் பட்டையை இடித்து, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஒரு துண்டு லவங்கப்பட்டையும் போட்டு வடிகட்டி, பிளாஸ்க்கில் ஊற்றிக் கையில் கொடுப்பார். மாஸ்டர் முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அப்புறம் முடியவில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. பயிற்சி மைதானத்து ஓரத்தில் நோஞ்சானாக ஒரு மரம் நின்றது. கார்க் கதவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதன் வேரில் கவிழ்த்துவிட்டார். நாளாக ஆக அதுவே வழக்கமாகிவிட்டது.

"மாஸ்டர், அந்த மரத்துக்கு இனிமே மாரடைப்பே வராது" என்று பழக வந்த ஒரு பெண் கேலி செய்தாள்.

"நீ ரோட்டைப் பாரு" என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் முதலில் கேட்பது இதைத்தான். "என்னங்க, குடிச்சீங்களா? கசக்குதா?"

"கசக்குதாவா? வேப்பங்காய் தோத்துடும். ஏதோ உனக்காக மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குறேன்." சொல்லும்போது முகத்தை வேறு அஷ்டகோணலாக்கிக் காட்டுவார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்கு மூன்று வேளையும் சுடச்சுடக் கிடைத்தது.

அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். வீடு மூன்றாவது மாடி. தடித்த திரைத் துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். தோள்பட்டைக்கு நடுவே வலி, சில நாள் தாடையிலும் வலி.

"நாளெல்லாம் மெஷின்ல குனிஞ்சு உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று மாஸ்டர் தைலம் தேய்த்துவிட்டார். பெண்களுக்கு இதயம் கெட்டால் நெஞ்சுதான் வலிக்க வேண்டும் என்பதில்லை; முதுகும் தாடையும் வலிக்கலாம், வெறும் அசதியாகக்கூட இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. "உனக்கும் வயசாகுதுல்ல? அந்தக் கஷாயத்தை நீயும் ரெண்டு மடக்கு குடியேன்" என்றார்.

"நல்லா இருக்கே! அது உங்களுக்குன்னு வாங்கினது" என்று சொல்லிவிட்டார் அவர்.

ஒரு திங்கட்கிழமை பிளாஸ்க்கைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார். "இன்னைக்கு என்னை ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒரு மாதிரியா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று வாய் திறந்து எதுவும் கேட்காத மனுஷி. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

"இன்னைக்குப் பசங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கே. நாளைக்குக் கண்டிப்பா போலாம்." படியிறங்கிவிட்டார்.

டெஸ்ட் அமளியில் மரத்துக்குக் கஷாயம் ஊற்றக்கூட நேரமில்லை. மத்தியானம் கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். அந்த அம்மாள் மெஷின்மேலேயே சாய்ந்து கிடந்தார் என்றும், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றும் சொன்னார்.

போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடவில்லை. ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு, ரொம்பத் தாமதமாகிவிட்டது, அடைப்பை எடுக்க முயற்சி செய்கிறோம் என்றார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். எடுக்கக் காருக்கு ஓடினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருக்கையில் பிளாஸ்க் கிடந்தது. கசப்பாவது ஒன்றாவது என்று திறந்து மடமடவென்று குடித்தார்.

இனித்தது.

தேன், ஏலக்காய். அடியில் எங்கோ பட்டையின் துவர்ப்பு, அவ்வளவுதான். இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தார். அதுவும் இனித்தது. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா கஷாயத்துல தேன் போடுவாளா?"

"போன வருஷத்துலேர்ந்தே போடுறாங்களேப்பா. நீங்க கசக்குதுன்னு சொன்னீங்கன்னு..." மகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. இனிக்கிறதைப் போய் கசக்குதுங்கிறாருன்னு சொல்லிச் சிரிப்பாங்க. ஏம்மா கேக்க மாட்டேங்குறேன்னா, 'கேட்டா பிளாஸ்க்கையே தொட மாட்டாரு. ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் தாகம் எடுக்காமலா போயிடும்'னாங்க."

உள்ளே கொண்டு போவதற்கு முன் ஒரு நிமிஷம் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மாஸ்டர் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கசக்குதா?" என்றார் அந்த அம்மாள். குரல் காற்றாக வந்தது.

"இல்லடி. இனிக்குது."

உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "ஒரு வழியா தாகம் எடுத்துச்சா?"

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் திரும்பி வரவில்லை.

ஒரு மனுஷியின் வருஷக்கணக்கான விடியற்காலைகளை மரத்தடியில் கொட்டிய மனிதர் இப்போது தானே பட்டையை இடிக்கிறார், காய்ச்சுகிறார், வடிகட்டுகிறார். மாத்திரையும் தவறுவதில்லை. கார் பழக வருகிறவர்களிடம், "வீட்ல அம்மாவுக்கு ஈசிஜி எடுத்தாச்சா?" என்று கேட்கிறார். மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மைதானத்து மரம் என்னவோ செழித்துத்தான் நிற்கிறது. அவர் அந்தப் பக்கம் காரை நிறுத்துவதில்லை.

அலமாரியில் தேன் பாட்டில் மனைவி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவர் அதைத் தொடுவதில்லை. சாயங்காலம் மகள் போன் செய்வாள்.

"குடிச்சீங்களாப்பா?"

"குடிச்சேன்மா."

"எப்படி இருந்துச்சு?"

"கசக்குது" என்பார். இப்போது அவர் பொய் சொல்வதில்லை.