சாவு இல்லாமல் திறப்பேன்

மும்பை முலுண்டில் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் யாராவது சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், முதலில் அடிப்பது என் வீட்டு மணியைத்தான். ஆபீஸ் போகிற அவசரத்திலும் திறந்து கொடுத்துவிட்டுத்தான் லோக்கல் ரயில் பிடிக்க ஓடுவேன். பெருமைதான், அதில் என்ன ஒளிவுமறைவு? அந்தப் பெருமை தாராவியில் ஓர் எழுத்துப் பிழையில் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவின் தம்பி, என் சாச்சாவின் போனில், ஒருவர் இரண்டு கம்பிகளை வைத்துக்கொண்டு பூட்டுகளைத் திறக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டேன். முகம் தெரியாது, கை மட்டும்தான். கொஞ்சம் நோண்டுவார், 'டக்' என்று பூட்டு திறந்துகொள்ளும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பிகள் ஒரு செட் வேண்டும். வாப்பாவிடம் கேட்டால் "உம்மாட்ட கேளு" என்பார். உம்மாவிடம் நேரில் கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் ஹிந்தி; தமிழ் எழுத்து உம்மா சொல்லிக்கொடுத்த அளவுக்குத்தான். உம்மாவுக்கோ தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது.

"அன்புள்ள உம்மா, சாவு இல்லாமல் திறக்க எனக்கு ஆசை. நம் வீட்டுச் சாவு மட்டும்தான். அடுத்த வீட்டுச் சாவில் கை வைக்க மாட்டேன். சத்தியம்."

"யா அல்லா!" என்று உம்மா போட்ட சத்தத்தில், கீழே பட்டறையில் தோல் பை தைத்துக்கொண்டிருந்த வாப்பாவும் சாச்சாவும் ஏணியில் ஏறி ஓடிவந்தார்கள். சாச்சா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "மைனி, இவ சாவியச் சொல்லுதா" என்றவர் அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

உம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"ஏட்டி, சாவிக்குக் கொக்கி மேலல்லா வரும்? கீழ போட்டு வீட்டையே சாவு வீடா ஆக்கிட்டியே! எழுத்துக்குக் கொக்கி போடத் தெரியல, இவ பூட்டுக்குக் கொக்கி போடப் போறாளாம்."

வீடியோவை உம்மாவுக்குக் காட்டினேன். பார்க்கப் பார்க்க முகம் இறுகியது. "இது கள்ளன் படிக்கிற படிப்பு. நாளைக்குத் தெருவுல உன்னையக் கள்ளின்னுல்லா சொல்லுவான்?" என்றாள். ஊரே சொல்லட்டும், எனக்குக் கவலையில்லை. உம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வரக்கூடாது. எனக்கு அழுகை முட்டியது. வாப்பா இருமினார். அந்த இருமலுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு உண்டு. நம் வீட்டுப் பூட்டு மட்டும், அதுவும் உம்மா கண் முன்னால் மட்டும் என்று முடிவானது. "அடுத்தவம் பூட்டுல கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்பதையும் உம்மா சேர்த்துக்கொண்டாள்.

எதை வாங்குவது என்பதில் அடுத்த சண்டை. சாச்சாவுக்கு முப்பத்திரண்டு உருப்படிகள் உள்ள செட்தான் வேண்டும். கறுப்புப் பையில் வரிசையாகச் செருகிவைத்திருப்பார்கள். "பாக்கவே என்னா கெத்து!" என்றார். நான் வீடியோ பார்த்தே பாதி வாத்தியார் ஆகியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவருக்கு நல்ல எஃகில் மூன்று கொக்கிகளும், தடிமன் வேறு வேறாக இரண்டு டென்ஷன் கம்பிகளும் போதும், முப்பத்திரண்டு இருந்தால் எதை எடுப்பது என்பதிலேயே பொழுது போய்விடும் என்று நின்றேன்.

"டென்ஷனா?" என்றாள் உம்மா. "அதுதான் இந்த வீட்ல நெறைய இருக்கே. அத வேற வெலைக்கு வாங்கணுமாக்கும்?"

சாவித் துவாரத்தை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொள்கிற கம்பிக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். யார் கேட்டார்கள்? கடைசியில் வாப்பா போனை வாங்கி, சாச்சாவின் செட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பிகளை அல்ல, பையின் தையலை. "தோலுங்கான், ரெக்சின். ஓரம் மடிச்சே தைக்கல. பையில ஏமாத்துறவன் கம்பில ஏமாத்த மாட்டானா?" என்றார். என் ஐந்து உருப்படி ஜெயித்தது. அதற்குப் பை கிடையாது. பார்சல் வந்த அன்று வாப்பா ஆட்டுத்தோல் துண்டில் ஐந்து அறைகள் வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வருகிற அச்சு முறுக்கை உம்மா தகரப் பெட்டியில் வைத்துச் சின்னப் பூட்டு ஒன்று போட்டிருப்பாள். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்டது. ஆறு நாள் நோண்டினேன். விரல் சிவந்ததுதான் மிச்சம். ஏழாம் நாள் உம்மா அரிசி களைந்துகொண்டே, "என்னட்டி, இதுலயும் கொக்கிய மாத்திப் போட்டிருக்கியா?" என்றாள்.

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பூட்டுக்குள் சின்னச் சின்னப் பின்கள் ஒரு பக்கமாகத்தான் வரிசையாக இருக்கும். சாவியை எடுத்து அதன் பல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். ஆறு நாளாக நான் பின்னே இல்லாத பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்! கொக்கியைத் திருப்பிப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... டக். நான் போட்ட கூச்சலில் அன்றைக்கும் இரண்டு பேரும் ஏணியில் ஏறி வந்தார்கள். சாச்சா என்னைத் தூக்கிச் சுற்றினார். உம்மா ஒரு முறுக்கை என் கையில் திணித்து, "கள்ளி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. அப்படியானால் என்னைத் திருடி என்றே முடிவு கட்டிவிட்டாளா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாலு நாளில் அதையும் திறந்தேன். இன்னொரு பூட்டு வந்தது. அதையும் திறந்தேன். அந்த வருஷம் முழுக்க இதே கதைதான். ஏழாவதாக வந்தது மட்டும் எமகாதகப் பூட்டு. ஒரு மாதம் போராடினேன். பிறகு ஒருநாள் அதைக் காணோம், பழைய ஆறாவது பூட்டே தொங்கியது. "அது துருப்பிடிச்சிட்டு" என்றாள் உம்மா. எனக்குப் பயந்து ஒளித்துவைத்துவிட்டாள் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன்.

முலுண்டு வீட்டுக்குப் பூட்டு வாங்க, போன மாதம் எங்கள் பழைய தெருவின் ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உம்மாவின் உடைந்த ஹிந்தியை அப்படியே பேசிக் காட்டினார்: "இஸ்ஸே தோடா முஷ்கில் தேவ், பாய். ஜாஸ்தி நை." இதைவிடக் கொஞ்சம் கஷ்டமானதாகக் கொடு, ரொம்ப வேண்டாம். ஒவ்வொரு தடவையும் திறந்த பூட்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து, கல்லாவில் வைத்துக் காட்டி இப்படித்தான் கேட்பாளாம். ஒரே ஒரு பூட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடக் கொண்டுவந்தாளாம். கெட்டுப்போய்விட்டதா என்று அவர் கேட்டதற்கு, "நை பாய், லட்கி ரோதா ஹை" என்றாளாம். புள்ள அழுகிறாள்.

நாலு பேர் ஒரே அறையில் படுக்கிற வீட்டில், நான் போர்வைக்குள் அழுதது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.