குத்தாலம் சாலையில் ஒரு வெட்டுத் தடம்

குத்தாலத்துக்குச் சற்று முன்னால் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோர வீட்டில் தண்ணீர் கேட்கிறேன். சொம்பை நீட்டும் பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். என் நீளப் பையைப் பார்க்கிறார்.

“என்னம்மா இது, வீணையா?”

“பயிற்சி வாளுங்க. கூர் கிடையாது.”

பழைய ஜெர்மானிய நீள்வாள் ஏடுகளில் வெட்டுகளின் பெயரும் சில வரிகளும்தான் இருக்கும். வெட்டியவர் எங்கே நின்றார், வாள் எந்தச் சாய்வில் வந்தது என்பதை வீசிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம் என்கிறேன்.

“அப்ப இதையும் பார்த்துச் சொல்லுங்க.”

வாசல் மரநிலையின் பக்கவாட்டில் ஓர் அரிவாள் வெட்டு. கூலித் தகராறு நடந்த வருஷம், நிலையைப் பிடித்து நின்ற அவருடைய அப்பாவைத் தெருவிலிருந்து வந்து வெட்டிக் கொன்றார்களாம்; அதில் நிலையிலும் விழுந்த வெட்டாம் இது. அந்தக் கொலைக்காகப் பண்ணையாள் ஒருவர் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்திருக்கிறார்.

“அவரு மகன் இந்தத் தெருவுலதான் இருக்காரு. ‘எங்கப்பா செய்யல’ன்னு இன்னமும் சொல்றாரு.”

விரல் வைத்துப் பார்க்கிறேன். எங்கே நுழைந்தது, எங்கே மெலிந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது. வெட்டு வீட்டுப் பக்க விளிம்பில் ஆழமாக இறங்கி, தெருப் பக்கம் போகப் போக மெலிகிறது. மறுபடி தடவினாலும் அப்படியேதான்.

“வெட்டினவங்க வீட்டுக்குள்ள நின்னிருக்காங்க.”

அவர் என்னிடமிருந்து சொம்பை வாங்கிக்கொள்கிறார்.

“உள்ள நானும் அம்மாவும்தாம்மா இருந்தோம். நான் சின்னப் புள்ள, தூங்கிட்டேன்.”

உள்ளறையில் கட்டில் கிரீச்சிடுகிறது. அங்கிருந்து வாசல் தெரியாது. அவருடைய அம்மாவின் கிழட்டுக் குரல் நிதானமாகக் கேட்கிறது:

“யாருடி அவ? நெலையில என்னத்தத் தடவுறா?”