வழி சொல்லக் கூடாத வேலை

ஹெட்போனைக் கழற்றினால் இரண்டு காதும் சுடும். புதுக்கோட்டையில் நான் வாடகைக்கு இருந்த அந்த மாடி அறையில், மத்தியானத்துக்கு மேல் ஃபேன் காற்றே அனல்தான்... கீழே மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் சத்தம் வரும். அதுவும் நின்றுவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வேறு சத்தமே கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால், என் முதல் வேலை. சென்னை கம்பெனி, அறையிலிருந்தே பார்க்கலாம். ஒரு பாட்டு வெப்சைட்டின் டிசைன் எப்படி இருக்கிறது, தேடுகிற பாட்டு சுலபமாகக் கையில் சிக்குகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். "பாட்டுக் கேக்கச் சம்பளமா?" என்று ஊரில் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் அந்த நினைப்பில்தான் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் பார்த்தால் போதாதாம். அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவரைப் பார்க்க வைத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனிக்க வேண்டும். அவர் எவ்வளவு முழித்தாலும் நாம் வழி சொல்லக் கூடாது. அதுதான் ரூல்.

அப்படிப் பார்க்கச் சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்... தண்ணீர் கேன் போடுகிறவரிடம் கேட்டேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

கடைசியில் மணமேல்குடியில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவைப் பிடித்தேன். மச்சான் சிங்கப்பூரில், மகள் ஹாஸ்டலில். அவ்வளவு பெரிய வீட்டில் அக்கா மட்டும்தான். அதற்கு முன்னால் நாங்கள் போனில் பேசியதெல்லாம் நல்லது கெட்டதுக்கு மட்டும்.

வாரம் ஒரு நாள் கூப்பிடுவேன். அக்காவின் போன் திரை என் லேப்டாப்பில் அப்படியே தெரியும், ரெக்கார்டும் ஆகும். முதல் நாள் சைட்டைத் திறந்ததுமே, "என்னடா, கரண்டு போன மாதிரி இருட்டாக் கெடக்கு" என்றாள். கறுப்பு மேல் ஊதா எழுத்து... டிசைனர்கள் பெருமையாகச் செய்தது. அக்கா சொன்னதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒரு பழைய பாட்டைச் சொல்லித் தேடச் சொல்வேன். அக்கா மேலே மெனுவுக்கான மூன்று கோட்டை அமுக்குவாள், ஹார்ட் படத்தை அமுக்குவாள், எங்கேயோ போய் நிற்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பக்கம் காக்காய் கத்துவதும் மீன்காரர் வண்டி ஹாரனும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"தம்பி... லைன்ல இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா."

"சரி, இரு" என்பாள். மறுபடியும் தேடுவாள்.

வாரங்கள் போயும் அக்காவுக்கு வழி பிடிபடவில்லை. நேவிகேஷன் படுமோசம், எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் வெளுத்து வாங்கினேன்.

ஒரு நாள் ஏதோ சந்தேகத்தில் ஒரு ரெக்கார்டிங்கை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நான் கேட்ட பாட்டு திரையில் வருகிறது. திரை கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகு மேலே போய் அந்த மூன்று கோடு திறக்கிறது. "காணமேடா" என்கிறாள் அக்கா. அதற்கு முந்தைய வாரத்து ரெக்கார்டிங்கிலும் இதே கதைதான்...

அக்காவுக்கு வழி எப்போதோ தெரிந்துவிட்டிருக்கிறது. பாட்டு கிடைத்துவிட்டால் நான் போனை வைத்துவிடுவேன் என்றுதான் கண்டுபிடிக்காத மாதிரியே இருந்திருக்கிறாள். அவளிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வாரம் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம். அந்த அறையில் எனக்கும் வாரத்தில் அந்த ஒரு பேச்சுதான் இருந்தது.

ஆனால் நான் அதுவரை அனுப்பிய ரிப்போர்ட்டெல்லாம் வேலை செய்துவிட்டது. மூன்று கோடு போனது, இருட்டு போனது. சைட்டைத் திறந்தாலே நமக்குப் பிடித்த பாட்டு தானாகப் பாட ஆரம்பித்தது. டெஸ்டிங் முடிந்தது, அருமையான வேலை என்று மெயில் வந்தது. அக்காவிடம் சொன்னேன். "அப்ப இனிமே கூப்புட மாட்ட" என்றாள். அதெப்படி, கூப்பிடுவேன் என்றேன்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். பாட்டைத் தேடி யாரும் அலைவதில்லை, விரல் படுவதற்குள் பாடிவிடுகிறது. மணமேல்குடி வீட்டிலும் நாள் முழுக்க அது பாடிக்கொண்டே கிடக்கிறதாம். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவும் நானும் பழையபடி நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசுகிறோம்...

போன வாரம், சும்மா பேசலாமே என்று கூப்பிட்டேன். எடுத்ததுமே, "என்னடா, யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று பதறினாள்.

சும்மாதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"புதுசா ஒரு சைட்டு வந்துருக்குக்கா. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லணும்" என்றேன். அப்படி எந்த சைட்டும் இல்லை.

"இரு, அடுப்ப அமத்திட்டு வாரேன்" என்றாள்.