நனைஞ்ச மரத்துல நான் பால் வெட்ட மாட்டேன்

நான் பள்ளிக்கூடம் போனவ இல்ல. நான் சொல்லச் சொல்ல மருமக டைப் பண்றா. அவளைப் புகழ்ற இடம் வந்தா மட்டும் “இதெல்லாம் வேணாம் அத்தை”ங்கிறா. போடுன்னு சொல்லியிருக்கேன்.

பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துல, நாங்க கித்தான்னு சொல்லுவோம், முப்பது வருஷம் பால் வெட்டினேன். இப்ப மம்பாவ்ல மகன் வீட்டுல இருக்கேன். மருமக ஆபீஸ்ல கிராணி, கணக்கு எழுதுற வேலை. வேலை விட்டு வந்தா லேப்டாப்புல கேம் செய்வா. விளையாடுறது இல்ல, செய்யிறது. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல வந்த மாதிரி, பொட்டுப் பொட்டா படம். ஒரு ஆளு நடந்து போவான், சாமான் எடுப்பான், பூட்டு திறப்பான், கதை அப்படியே போகும். சுடுறது குத்துறது கிடையாது. அதான் எனக்குப் பிடிச்சுது.

யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். நெட்டுல எல்லாம் இருக்காம். கேம் செய்யிறதுக்கு சாமான் ஒரு இடத்துல சும்மா கிடைக்குது. பாடம் ஒரு இடத்துல. தவளை கத்துற சத்தம், இடி சத்தம் எல்லாம் யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க, எடுத்துக்கோன்னு. பழைய கேமையெல்லாம் இன்னொரு இடத்துல அடுக்கி வச்சிருக்காங்க. நான் ஒரு கோழிக்கறிக்கு மசாலா அளவு கேட்டா பக்கத்து வீட்டம்மா பாதியைத்தான் சொல்லும். இவங்க மனசைப் பாருங்க.

மருமக செஞ்சது தோட்டத்துக் கதை. ஒரு பொம்பளை உளி, வாளி எடுத்துக்கிட்டு பால் வெட்டப் போவா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு வெப்சைட்டுல போடணும், உலகத்துல உள்ளவங்க எல்லாம் போடுற போட்டி. போன வருஷம் முடிக்க முடியாம விட்டுட்டா. ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இந்தத் தடவையும் விட்டா இனிமே தொட மாட்டேன்னு சொல்லியிருந்தா.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்னை உட்கார வச்சு, “எழுத்தே கிடையாது, மௌஸை அமுக்கினா போதும் அத்தை”ன்னுட்டு துணி காயப்போடப் போனா. நான் உளி எடுத்தேன், வாளி எடுத்தேன், மரத்துகிட்ட போனேன். கேம்ல மழை பிடிச்சுது. சரின்னு உட்கார்ந்துட்டேன். மைலோ குடிச்சேன். மழை விடல.

அவ வந்து பாத்தா. “ஏன் அத்தை சும்மா இருக்கீங்க? மரத்தை அமுக்குங்க.”

“மழை நிக்கட்டும்.”

“அது நிக்காது. அழகுக்குப் போட்டது லா.”

“நனைஞ்ச மரத்துல வெட்டினா பால் கோட்டுல ஓடுமா? பட்டையெல்லாம் பரவி வழியும். பால் பிடிக்கிற மங்குல மழைத்தண்ணிதான் இருக்கும். எங்களை மேய்க்கிற மண்டோர் வந்து மரத்தைத் தடவிப் பாத்து, காஞ்சிருச்சுன்னு சொன்னாதான் உளியைத் தொடுவோம்.”

மகன் சோபாவுல இருந்து, “அம்மாவுக்கு கம்ப்யூட்டர்லயும் மழை லீவு வேணுமாம்”ங்கிறான்.

மருமக சிரிக்கல. அத்தை சொல்றதுதான் சரின்னு மழையை நிறுத்த உட்கார்ந்தா. நிறுத்தினா, அந்தப் பொம்பளையும் நின்னுட்டா. காலும் அசையல, கையும் அசையல. மணி நாலரை. இவ முகம் வெளிறிப்போச்சு. நான் வாயை மூடிக்கிட்டு அமுக்கியிருக்கலாம்.

அப்புறம் கேம் செய்யிறவங்க பேசிக்கிற இடத்துல எழுதிக் கேட்டா. பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. முகம் தெரியாத ஆளு, எந்த நாடோ. இவ அனுப்பினதைத் திறந்து பாத்து, எந்த வரி தப்புன்னு காட்டி, தானே திருத்தியும் அனுப்பிட்டாரு. “உங்க ஆபீஸ்காரரா?”ன்னு கேட்டேன். “யாருன்னே தெரியாது அத்தை”ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மழை நின்னுச்சு. மரத்தைத் தடவிப் பாக்குற மாதிரி மருமக ஒரு கையும் வரைஞ்சா. மழையிலயே வெட்டினா வாளியில தண்ணிதான் விழும்னும் வச்சா. நான் வெட்டினேன், பால் கோட்டுல ஒழுங்கா இறங்கிச்சு. ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது போட்டுட்டா. அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வெளிநாட்டம்மா இவ கேமை விளையாடிட்டு எழுதியிருந்தாங்க. அவசரப்பட்டு மழையிலயே வெட்டி வாளி நிறைய தண்ணியாம். திரும்ப ஆரம்பிச்சு, காத்திருந்து வெட்டினாங்களாம். அவங்க ஊர்ல கித்தா மரமே கிடையாதாம்.

அந்தம்மாவும் ஒரு கேம் போட்டிருக்காங்க, கடலோரத்து வீடு. நான் இப்ப அதைத்தான் விளையாடுறேன். சமையக்கட்டுக் கதவு திறக்க மாட்டேங்குது. மருமகளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறா.